‘பியுஸ்’ டாக்டர் யார்? அறுவை அறையிலும் ஐசியூவிலும் ஒரே மருத்துவர் இருப்பது ஏன்?

அறுவை சிகிச்சை செய்துகொண்ட நம்மவர் ஒருவரிடம் “ஆப்பரேஷன் செய்தது யார்?” என்று கேட்டுப் பாருங்கள். டாக்டரின் பெயர், ஊர், எங்கே படித்தார் என்பது வரை சொல்லிவிடுவார். “மயக்க மருந்து கொடுத்தது யார்?” என்று கேட்டால் சற்றே விழிப்பார். “முகக்கவசம் போட்டிருந்தார், நன்றாக மூச்சை இழுக்கச் சொன்னார், அதற்குள் தூங்கிவிட்டேன்” என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். தனியார் மருத்துவமனைக் கட்டணச் சீட்டில் ‘பக்கார் பியுஸ்’ என்று தனியாக ஒரு வரி இருப்பதைப் பார்த்து, “ஓர் ஊசி போட்டதற்கா இவ்வளவு?” என்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

அந்த ஊசியைப் போட ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு நடப்பதுதான் அவருடைய வேலை.

நம் அரசாங்க மருத்துவமனைகளில் இவர்களுடைய துறையின் பெயர்ப்பலகையைக் கவனித்திருக்கிறீர்களா? ‘அனெஸ்தெசியோலொஜி டான் ராவாத்தான் ராப்பி’ என்று இருக்கும். மயக்க மருந்தியலும் தீவிர சிகிச்சையும் ஒரே துறை. காலையில் அறுவை அறையில் மயக்க மருந்து கொடுத்தவரே இரவில் ஐசியூ வாசலுக்கு வந்து, “யார் இவருடைய குடும்பம்?” என்று கேட்கும் டாக்டராகவும் இருக்கலாம். தூங்க வைப்பவருக்கும் உயிருக்குப் போராடுபவரைக் காப்பவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காகவும், “என் பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறான், எந்தத் துறை நல்லது?” என்று கேட்கும் பெற்றோருக்காகவும் இந்தக் கட்டுரை.

தூக்கம் வேறு, மயக்கம் வேறு

தூங்குகிறவரைக் கிள்ளினால் எழுந்துவிடுவார். மயக்க மருந்தில் இருப்பவரின் வயிற்றைத் திறந்தாலும் எழ மாட்டார். முழு மயக்கத்தில் பெரும்பாலும் மூன்று வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. நினைவு போக வேண்டும், வலி தெரியக்கூடாது, தசைகள் தளர வேண்டும். மூன்றுக்கும் வெவ்வேறு மருந்து.

பால் போல வெள்ளையாக ஒரு திரவம் ஊசியில் ஏறுவதைச் சிலர் பார்த்திருப்பார்கள். அது புரோபொஃபோல். கைநரம்பில் ஏறிய அரை நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். கூடவே இரத்த அழுத்தமும் இறங்கும். வலிக்கு ஃபென்டனில் போன்ற மருந்து, தசைகளுக்கு இன்னொன்று. அந்தத் தசைத் தளர்வு மருந்து கை கால்களை மட்டும் தளர்த்துவதில்லை, மூச்சு விடும் தசைகளையும் நிறுத்திவிடும். அந்த நொடியிலிருந்து நோயாளியால் தானாக மூச்சு விட முடியாது. மூளைக்கு நான்கைந்து நிமிடம் பிராணவாயு போகாவிட்டால் கேடு தொடங்கிவிடும்.

அதனால்தான் மயங்குவதற்கு முன்பே முகத்தில் முகமூடியை வைத்து “நன்றாக இழுத்து விடுங்கள்” என்கிறார்கள். சாதாரணக் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. சுத்தமான பிராணவாயுவை இழுக்க வைத்து நுரையீரலை நிரப்பினால், மூச்சு நின்ற பின்னும் சில நிமிடங்கள் கையிருப்பு இருக்கும். உடல் பருத்தவருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அந்தக் கையிருப்பு வேகமாகத் தீரும். அதற்குள் வாயைத் திறந்து, குரல்நாண்களைக் கண்டுபிடித்து, அவற்றின் இடையே ஒரு குழாயை மூச்சுக்குழலில் இறக்க வேண்டும். குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்பதற்கு நம்பகமான சாட்சி, நோயாளி வெளிவிடும் கரியமிலவாயு திரையில் அலை அலையாகத் தெரிவது. அலை வரவில்லை என்றால் குழாய் உணவுக்குழாய்க்குள் போயிருக்கலாம். தயங்காமல் எடுத்துவிட்டு மறுபடி முயல வேண்டும்.

பிறகு தொடங்குகிறது காவல். அறுவை மருத்துவரின் கண் அறுக்கும் இடத்தில் இருக்கும். மயக்க மருந்து நிபுணரின் கண் ஆள் முழுவதன் மீதும் இருக்கும். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், பிராணவாயு அளவு, உடல் வெப்பம், போன இரத்தம், வந்த சிறுநீர் என்று எல்லாவற்றையும் பார்த்துச் சில நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே இருப்பார். எட்டு மணி நேர அறுவையானாலும் நோயாளியைக் கவனிக்க ஆளில்லாத ஒரு நிமிடம் இருக்கக்கூடாது. எதுவும் நடக்காமல் முடிந்தால் அவர் நன்றாக வேலை செய்தார் என்று அர்த்தம். ஆனால் எதுவும் நடக்காத வேலையை யார் பாராட்டுவார்கள்?

எல்லா அறுவைக்கும் முழு மயக்கம் தேவையில்லை. சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் ஓர் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதே இன்று வழக்கம். தாய் விழித்திருப்பார், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பார். “முதுகில் ஊசி போட்டதால்தான் இன்றுவரை இடுப்பு வலிக்கிறது” என்று நம் வீட்டுப் பெண்கள் பலர் சொல்வதுண்டு. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், சிலருக்குக் கடுமையான தலைவலி வந்து போகலாம். ஆண்டுக் கணக்கில் இழுக்கும் இடுப்பு வலிக்குப் பெரும்பாலும் கர்ப்ப காலம், உடல் எடை, பிள்ளையைத் தூக்கி வளர்த்த உழைப்பு ஆகியவையே காரணம்.

தே தாரேக்கும் ஓர் உணவுதான்

அறுவைக்கு முன்பு நோயாளியை உட்கார வைத்துக் கேள்வி கேட்பவர்களும் இவர்கள்தான். இந்த இடத்தில் நாம் சொல்லும் பொய், சொல்லாமல் விடும் உண்மை, இரண்டுமே உயிரோடு விளையாடுபவை.

முதல் கேள்வி எப்போது சாப்பிட்டீர்கள் என்பது. மயங்கியதும் இரைப்பையின் வாய் தளர்ந்துவிடும். உள்ளே இருக்கும் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போனால், இரைப்பை அமிலம் நுரையீரலை வேகவைத்துவிடும். எனவே லேசான உணவுக்கு 6 மணி நேரம், எண்ணெயும் இறைச்சியும் கலந்த பெரிய சாப்பாட்டுக்கு அதைவிடக் கூடுதலாக இடைவெளி வேண்டும். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். நம்மவர்கள் சறுக்கும் இடம் தே தாரேக்கும் மைலோவும்தான். “ஒன்றும் சாப்பிடவில்லை டாக்டர், ஒரு தே மட்டும் குடித்தேன்” என்பார்கள். பால் கலந்தால் அது உணவுக் கணக்கில் சேரும். அறுவை தள்ளிப்போகிறது என்று கோபப்படுவதில் பயனில்லை. குழந்தை அழுகிறதே என்று பாட்டி மறைவாக ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருப்பது அதைவிட ஆபத்து.

அடுத்தது மதுவும் புகையும். மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் நிற்கும்போது “எப்போதாவது” என்று சொல்லும் மனிதர், உண்மையில் நாள்தோறும் சம்சு குடிப்பவராக இருக்கலாம். அவருக்கு மருந்தின் அளவு மாறும். அறுவை முடிந்த இரண்டு மூன்று நாளில், குடி திடீரென்று நின்றதால் கை நடுங்கி, பிதற்றி, கட்டிலை விட்டு எழுந்து ஓடவும் கூடும். குடும்பத்தார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், “தனியாகப் பேச வேண்டும்” என்று கேட்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நாட்டு மருந்து, ஜாமு, சித்த மருந்து, ஊரிலிருந்து வந்த லேகியம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். சில இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். இனிப்புநீருக்குக் கொடுக்கப்படும் புதுவகை மாத்திரைகளில் சிலவற்றை அறுவைக்கு மூன்று நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அவரே சொல்வார். நாமாக நிறுத்தக்கூடாது. மாத்திரைப் பெயர் தெரியாவிட்டால் பொட்டலத்தையே கையில் கொண்டு போங்கள்.

இன்னொரு கேள்விக்குப் பலர் சிரித்துவிட்டு “இல்லை” என்பார்கள். “உங்கள் இரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்தால் சிக்கல் வந்ததுண்டா?” என்பது அந்தக் கேள்வி. இது சம்பிரதாயமல்ல. அவசர அறுவைகளில் பயன்படும் சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்தை நம் இரத்தத்தில் உள்ள ஒரு நொதி சில நிமிடங்களில் சிதைத்துவிடும். சில குடும்பங்களில் பிறவியிலேயே அந்த நொதி குறைவு. அவர்களுக்கு மருந்து பல மணி நேரம் நிற்கும், அதுவரை சுவாசக் கருவி வேண்டும். இந்தியாவில் ஆரிய வைசியச் சமூகத்தாரிடம் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் என்று கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து கொடுப்பார்கள், அவ்வளவுதான். “பெரியப்பா ஆப்பரேஷனுக்குப் பிறகு ரொம்ப நேரம் கண் விழிக்கவில்லை” என்று வீட்டில் ஒரு கதை உலவினால், அதை அந்த அறையில் சொல்லுங்கள்.

கோப்பன்ஹேகனில் பிறந்த ஐசியூ

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அறுவை அறைக்காரர் ஐசியூவுக்கு எப்படி வந்தார்?

1846 அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், ஈதர் ஆவியைக் கொடுத்து ஒரு நோயாளியை மயக்கிக் காட்டினார். கழுத்துக் கட்டி வலியின்றி அகற்றப்பட்டது. அதன்பின் நூறாண்டுக் காலம் மயக்க மருந்து மருத்துவர்கள் அறுவை அறைக்குள்ளேயே இருந்தார்கள். மூச்சு நின்றவருக்கு மூச்சுக் கொடுக்கும் கலை அந்த அறைக்குள் வளர்ந்தது. வெளியே அது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1952இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. கிருமி மூச்சுத் தசைகளைத் தாக்கியவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேர் இறந்துகொண்டிருந்தார்கள். நகரத்தில் இருந்த இயந்திரங்கள் மிகச் சில. ஆகஸ்ட் இறுதியில், பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவரை அழைத்து யோசனை கேட்டார்கள். மூச்சுத் திணறிக் கிடந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் செருகி, அறுவை அறையில் செய்வதுபோல ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார் அவர். சிறுமி பிழைத்தாள். உடனே நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் முறைவைத்துப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். வாரக் கணக்கில் அப்படியே நடந்தது. இறப்பு நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது.

மறு ஆண்டு டிசம்பரில், இத்தகைய நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்து இடைவிடாமல் கவனிக்கும் பிரிவை இப்சன் தொடங்கினார். இன்றைய ஐசியூவின் தொடக்கம் அது. எல்லா நாடுகளும் அதே வழியில் போகவில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் நுரையீரல் மருத்துவர்கள் ஐசியூவைப் பார்க்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் தீவிர சிகிச்சை தனித்துறை. மலேசியாவில் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகள் இப்சன் வழியில் நின்றன. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1968இல் ஐசியூ தொடங்கியதிலிருந்து அது மயக்க மருந்துத் துறையின் கையில்தான் வளர்ந்தது.

ஜொகூரில் ஐசியூ என்றால்

ஐசியூவில் இருக்கும் இயந்திரங்கள் நோயைக் குணப்படுத்துவதில்லை. சுவாசக் கருவி நுரையீரலை ஆற்றாது, நுரையீரல் ஆறும்வரை மூச்சுக் கொடுக்கும். இரத்தச் சுத்திகரிப்புக் கருவி சிறுநீரகத்தை மீட்காது, மீளும்வரை அதன் வேலையைச் செய்யும். இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தும் அப்படித்தான். உடல் தானாகத் தேறுவதற்கு அவகாசம் வாங்கித் தருவதே அங்கே நடப்பது. எந்த உடலுக்குத் தேறும் சக்தி இருக்கிறது, எதற்கு இல்லை என்று கணிப்பதுதான் மருத்துவரின் தலையாய வேலை.

ஜொகூரின் ஐசியூ கட்டில்களில் யார் கிடக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் இந்த மாநிலத்தின் வாழ்க்கையே தெரியும். விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குப் பாலத்தை நோக்கி விரையும் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களில் ஒன்று சறுக்கினால், தலையில் அடிபட்ட இளைஞன். மழைக்காலத்துக்குப் பின் டிங்கிக் காய்ச்சல் முற்றியவர். செம்பனைத் தோட்டத்தில் எலிச் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலோடு இறங்கி, கண் மஞ்சளாகி, சிறுநீரகமும் நுரையீரலும் கெட்டுப்போன தொழிலாளி. இனிப்புநீரால் காலில் வந்த புண் இரத்தத்தில் விஷமாகப் பரவிய அம்மா.

அந்தக் கடைசி வகை நம் வீட்டுக் கதை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். இனிப்புநீர் உள்ளவரின் இதயமும் சிறுநீரகமும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். மேலே சொன்ன அவகாசம் அவருக்குக் குறைவு.

தோட்டங்களோடு பிணைந்த இன்னொரு கதை பாராகுவாட் களைக்கொல்லி. முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்தடித்த பெண்கள் அதன் பச்சை நிறத்தை மறந்திருக்க மாட்டார்கள். அது உடலுக்குள் போனால் நுரையீரல் மெல்ல மெல்ல நார் போல இறுகும், முறிவு மருந்து கிடையாது. மூச்சுத் திணறும் யாருக்கும் மருத்துவர் முதலில் கொடுப்பது பிராணவாயு. இந்த விஷத்தில் பிராணவாயுவே கேட்டைக் கூட்டும் என்பதால், கையில் இருப்பதையும் கொடுக்கத் தயங்கி நிற்க வேண்டியிருக்கும். மலேசியா 2002இல் இதைத் தடைசெய்ய முடிவெடுத்தது, 2006இல் தடையைத் தளர்த்தியது, கடைசியாக 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடைசெய்தது. நடுவில் போன ஆண்டுகளின் விலையை ஐசியூக்களும் தோட்ட லயங்களும் அறியும்.

மூளை நரம்பியல் அறுவை போன்ற பெரிய சிகிச்சைகளுக்கு ஜொகூர்பாரு சுல்தானா அமினா மருத்துவமனையைத்தான் மாநிலம் நெடுங்காலமாக நம்பியிருக்கிறது. சிகாமட்டிலோ மெர்சிங்கிலோ அடிபட்டவரை அங்கே கொண்டுவர, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆம்புலன்ஸில் சுவாசக் கருவியோடு வர வேண்டும். ஓடும் வண்டிக்குள் குழாய் நழுவாமல், மருந்து தீராமல், இரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொண்டு உடன் வருபவர்களில் மயக்க மருந்துத் துறையின் இளம் மருத்துவர்களும் உண்டு.

அதே மருத்துவமனையின் ஐசியூவில்தான் 2016 அக்டோபர் 25ஆம் நாள் காலையில் தீப்பற்றியது. அங்கே சிகிச்சையில் இருந்த 6 நோயாளிகள் உயிரிழந்தார்கள். மற்ற வார்டுகளில் நோயாளியைக் கைத்தாங்கலாகவோ சக்கர நாற்காலியிலோ வெளியேற்றலாம். ஐசியூ நோயாளி ஒவ்வொருவரும் சுவாசக் கருவி, நான்கைந்து மருந்துப் பம்புகள், நெஞ்சுக் குழாய், சுவரிலிருந்து வரும் பிராணவாயு ஆகியவற்றோடு கட்டப்பட்டவர். அவரை நகர்த்த வேண்டுமானால் கருவியைக் கழற்றி, 1952இல் கோப்பன்ஹேகனில் செய்தது போல ஒருவர் கையால் பையை அமுக்கிக்கொண்டே வர வேண்டும். புகைக்குள் அதைச் செய்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஜொகூர் மக்களுக்கு அந்தக் காலைப்பொழுது மறக்காது.

சில ஆண்டுகள் கழித்துக் கோவிட் வந்தது. 2021 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஐசியூவில் இருந்த கோவிட் நோயாளிகள் 1,000 பேரைத் தாண்டினார்கள். கட்டில் ஒன்று, காத்திருப்பவர் மூவர் என்றால் யாருக்குக் கொடுப்பது? அந்த முடிவையும் இந்தத் துறையினர்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வாசலில் நிற்கும் குடும்பம்

ஐசியூ மருத்துவரின் வேலையில் பாதி பேச்சு. அதைச் சொல்லித்தர மருந்துப் புத்தகம் இல்லை.

“இன்னும் ஏதாவது செய்ய முடியுமா டாக்டர்?” என்பது எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி. செய்ய முடிவது எப்போதும் ஏதாவது இருக்கும். அது நோயாளிக்கு உதவுமா, அவருடைய கடைசி நாள்களை நீட்டி வதைக்குமா என்பதுதான் மருத்துவர் மனத்தில் ஓடும் கேள்வி. ‘இனி கூடுதல் சிகிச்சை வேண்டாம்’ என்று அவர் சொல்லும்போது, கட்டிலைக் காலி செய்யப் பார்க்கிறார்கள் என்று நம்மவர் சிலர் சந்தேகப்படுகிறார்கள். சிகிச்சையைக் கூட்டாமல் விடுவதற்கும் கவனிப்பை நிறுத்துவதற்கும் வேறுபாடு உண்டு. வலி தெரியாமல், மூச்சு முட்டாமல் வைத்திருக்கும் மருந்துகள் கடைசிவரை தொடரும்.

மூளைச் சாவு என்ற சொல்லும் குழப்பம் தரும். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர் மீளக்கூடும். மூளைச் சாவு அடைந்தவர் இறந்தவர். கருவி காற்றைத் தள்ளுவதால் நெஞ்சு ஏறி இறங்குகிறது, இதயம் சிறிது காலம் துடிக்கிறது, உடம்பு சூடாக இருக்கிறது. இதைப் பார்க்கும் தாய்க்கு “இறந்துவிட்டார்” என்பதை எப்படிச் சொல்வது? ஒரு மருத்துவர் தனியாக இதை அறிவிக்க முடியாது. நிபுணர்கள் இருவர் சோதித்து, இடைவெளி விட்டு மறுபடியும் சோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டு நடைமுறை. உறுப்பு மாற்று அறுவைக் குழுவினருக்கு அந்தச் சோதனையில் இடமில்லை.

இங்கேதான் மொழி வருகிறது. தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்குக் கடைத்தெரு மலாய் நன்றாக வரும். ‘உங்கள் கணவரின் சிறுநீரகம் மீளாமல் போகலாம்’ என்பதை மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டுத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து “டாக்டர் என்ன சொன்னார்?” என்று மகனைக் கேட்பார்கள். மகன் மனம் பொறுக்காமல் “சரியாகிவிடுமாம்” என்பான். தமிழ் பேசும் மருத்துவரோ மிஸ்ஸியோ அந்த நேரத்தில் கிடைத்தால் நிலைமையே வேறு. இன்னொன்று, பதினைந்து உறவினர் பதினைந்து முறை கேட்பதைவிட, பேசுவதற்கு ஒருவரைக் குடும்பமே தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. நோயாளி நன்றாக இருந்த நாளில் “எனக்கு இப்படி வந்தால் இழுத்தடிக்காதே” என்று சொல்லியிருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதும் அவருக்குச் செய்யும் கடமைதான்.

37 வயது வரை படிப்பு

இனி, பிள்ளையை இந்தத் துறைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்குக் கணக்கு.

எஸ்பிஎம் முடித்து எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் அல்லது அடித்தளக் கல்வி. பிறகு ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு. கெடா பீடோங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள். ஜொகூரிலேயே இஸ்கண்டார் புத்ரியில் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பட்டம் வாங்கும்போது வயது 24 அல்லது 25. அடுத்து ஹவுஸ்மேன்ஷிப் எனப்படும் இரண்டாண்டுக் கட்டாயப் பயிற்சி, துறைக்கு நான்கு மாதமாக ஆறு துறைகள். சிலருக்கு மயக்க மருந்துத் துறையில் நான்கு மாதம் கிடைக்கும். “இது எனக்கு ஒத்துவருமா?” என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வாய்ப்பில்லை.

அதன்பின் மருத்துவ அதிகாரியாகத் துறையில் சேர்ந்து, இரவு பகல் பாராமல் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். நிபுணராக இரண்டு வழிகள். ஒன்று மலாயா பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவற்றில் நான்காண்டு முதுகலைப் படிப்பு. மற்றொன்று இணைவழி. மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே அயர்லாந்து மயக்க மருந்து மருத்துவக் கல்லூரியின் தேர்வுகளை எழுதுவது. இணைவழியில் தேறியவர்களை நிபுணர்களாகப் பதிவதில் சில துறைகளில் எழுந்த சிக்கலைத் தீர்க்கத்தான் 2024இல் மருத்துவச் சட்டம் திருத்தப்பட்டது. தேர்வு முடிந்தும் மேற்பார்வையில் சில காலம் வேலை பார்த்த பிறகே அரசாங்கம் நிபுணராக அறிவிக்கும். அப்போது வயது 33, 34 ஆகியிருக்கும். தீவிர சிகிச்சையில் தனி நிபுணத்துவம் வேண்டுமானால் மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள். 37 வயதில் ஒருவர் முழு ஐசியூ நிபுணர் ஆனால் அவர் தாமதிக்கவில்லை என்று பொருள்.

நடுவில் உள்ள பெரிய தடை வேலை நிரந்தரம். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்களை அரசாங்கம் ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கியது. நிரந்தரம் இல்லாதவருக்கு மேற்படிப்பு வாய்ப்பும் மங்கியது. 2021 ஜூலை 26ஆம் நாள் நாடு முழுவதும் ஒப்பந்த மருத்துவர்கள் கருப்புடையில் வெளியே வந்து நின்றார்கள். அதன்பின் நிலைமை சற்று மேம்பட்டாலும், நிரந்தரப் பதவிக்கான காத்திருப்பு இன்னும் இளைஞர்களைச் சோர்வடையச் செய்கிறது. ஜொகூரில் இருப்பவருக்குப் பாலம் தாண்டினால் சிங்கப்பூர் வெள்ளி. மருத்துவர்கள் மட்டுமல்ல, பயிற்சி பெற்ற ஐசியூ தாதியரும் போகிறார்கள். சுவாசக் கருவியில் உள்ள நோயாளி ஒருவருக்குத் தாதி ஒருவர் வேண்டும் என்பதுதான் அளவுகோல். கருவியும் கட்டிலும் இருந்து தாதி இல்லாவிட்டால் அது ஐசியூ கட்டில் ஆகாது.

எப்படிப்பட்ட பிள்ளைக்கு இது பொருந்தும்? மனப்பாடத்தில் முதல் மாணவர்தான் வேண்டும் என்பதில்லை. இதயமும் நுரையீரலும் எப்படி இயங்குகின்றன, மருந்து உடலில் என்ன செய்கிறது என்பதில் ஆர்வம் வேண்டும். கை நிதானமாக இருக்க வேண்டும். எல்லாரும் பதறும்போது குரல் உயர்த்தாமல் பேச வர வேண்டும். உதவி கேட்க வெட்கப்படாதவராக இருக்க வேண்டும். குழாய் இறங்காதபோது “என்னால் முடியவில்லை, இன்னொருவரை அழையுங்கள்” என்று முப்பது நொடிக்குள் சொல்லத் தெரியாதவர் இந்த வேலைக்கு ஆபத்தானவர்.

இந்தத் துறையில் நம்மவர்கள் புதியவர்களல்ல. மலாயா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டெலில்கான் ஒரு தலைமுறை மயக்க மருந்து மருத்துவர்களை உருவாக்கினார். அங்கேயே பேராசிரியர் ரமணி விஜயன் வலி சிகிச்சையில் பெயர் பெற்றார். கோலாலம்பூர் மருத்துவமனையில் டத்தின் டாக்டர் வி. சிவசக்தி இந்தத் துறையின் தலைவராக இருந்தார். ஜொகூரை எடுத்துக்கொண்டால், சுல்தானா அமினா மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் டான் செங் செங், நாட்டின் ஐசியூக்களில் யார் சேர்க்கப்படுகிறார்கள், எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று பதிவுசெய்யும் தேசியப் பதிவேட்டில் முக்கியப் பங்காற்றினார். எந்த மருத்துவமனை எங்கே பின்தங்குகிறது என்பதை ஊகமாக இல்லாமல் எண்ணிக்கையாகப் பார்க்க அந்தப் பதிவேடு உதவுகிறது.

பெற்றோர் கடைசியாகக் கேட்பது, “சொந்தக் கிளினிக் வைக்கலாமா?” என்று. மயக்க மருந்து நிபுணர் தனியார் மருத்துவமனைக்குப் போகலாம், நல்ல வருமானமும் உண்டு. ஆனால் தெருமுனையில் பெயர்ப்பலகை மாட்டி நோயாளிக்காகக் காத்திருக்கும் துறை அல்ல இது. அறுவை மருத்துவர் அழைத்தால்தான் வேலை. இதற்கு ஒரு விதிவிலக்கு வலி சிகிச்சை. புற்றுநோயாளிக்கும், நரம்பு வலியால் ஆண்டுக் கணக்கில் தூங்காதவருக்கும், ஊசியும் மருந்தும் பயிற்சியும் கொண்டு வாழ்க்கையைத் திருப்பித் தரும் பிரிவு. சிலாங்கூரில் செலாயாங் மருத்துவமனையில் டத்தோ டாக்டர் மேரி கார்டோசா அத்தகைய பிரிவை நடத்திக் காட்டினார். பிறகு மலேசிய மருத்துவச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, காய்ச்சல் ஆகியவற்றோடு ‘வலி எவ்வளவு, பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்’ என்று இன்று நம் அரசாங்க மருத்துவமனை மிஸ்ஸி கேட்பதற்கு, 2008இல் சுகாதார அமைச்சு வலியை ஐந்தாவது அடையாளமாக ஏற்றுக்கொண்டதே காரணம். அந்த வலி கிளினிக்கின் காத்திருப்பு நாற்காலிகளில் மட்டும், நோயாளிகள் மயக்க மருந்து டாக்டரைப் பெயர் சொல்லித் தேடி வருகிறார்கள்.